இரவல் நாக்கு

கோமதிநாயகம் ரசித்துச் சாப்பிடுகிறவர். பாளையங்கோட்டையில் எந்தக் கடையில் எந்த வேளைக்கு எது நன்றாக இருக்கும் என்று சக பேராசிரியர்கள் அவரிடம்தான் கேட்பார்கள். ரசவடையைப் பிட்டு வாயில் போட்டதுமே இன்றைக்கு மாஸ்டர் லீவு என்று சொல்லிவிடுவார். அதனால் மருத்துவமனையில், "உங்க மனைவிக்காக யாராவது ஒருத்தர் சாப்பிடணும்" என்று சொன்னபோது, தன்னால் தப்பே செய்ய முடியாத வேலை ஒன்று தன்னைத் தேடி வந்திருப்பதாக நினைத்தார்.

சொன்னவள் நஸ்ரின் பானு. மருத்துவமனையின் உணவுப் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. மேலப்பாளையத்துப் பெண், எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவரை உட்காரவைத்துப் பேசினாள். உள்ளே அவர் மனைவி பிலோமினா மூக்கில் ஒரு மெல்லிய குழாயோடு, வயிறு புடைத்து, கண்ணை மூடிக் கிடந்தாள்.

"பித்தப்பைக் கல் ஒண்ணு இறங்கி வந்து கணையத்தோட வாசலை அடைச்சிடுச்சு சார். சாப்பாட்டைச் செரிக்கவைக்கிற நீர் வெளியே போக வழியில்லாம கணையத்தையே செரிக்க ஆரம்பிச்சிடுச்சு. கல்லை எடுத்தாச்சு. ஆனா கணையத்துல ஒரு பகுதி செத்துப் போச்சு."

"அது எனக்குத் தெரியும்மா. நான் விலங்கியல் வாத்தியாரு."

"அப்ப மிச்சத்தைச் சொல்றது சுலபம். குடல் சும்மா கிடந்தா அதோட சுவர் இளகிப் போயிடும். உள்ளே இருக்கிற கிருமி ரத்தத்துல கலந்து, செத்துப் போன அந்தப் பகுதியில போய் உட்கார்ந்துக்கும். அதுக்கு அப்புறம் காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம். அதனாலதான் மூக்கு வழியா டியூப் போட்டு, இரைப்பையைத் தாண்டி, நேரா சிறுகுடல்ல சத்துக்கஞ்சி விடுறோம். முக்கால்வாசிப் பேருக்கு அதுவே போதும். இவங்க குடல் வாங்க மாட்டேங்குது. விட்டது அப்படியே நிக்குது. வயிறு ஊதுது, வாந்தி வருது."

"ஏன் வாங்க மாட்டேங்குது?"

"நாக்குல எதுவும் படலையே சார். சாப்பாடு வருதுன்னு குடலுக்கு யாரு சொல்லுவா?"

அதைச் சொல்வதற்குத்தான் ஒரு கருவி வந்திருந்தது. சாப்பிடுகிறவரின் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு மெல்லிய சவ்வு, நோயாளியின் காதுக்குப் பின்னால் பொட்டு மாதிரி ஒரு வில்லை. இருவரும் மருத்துவமனை வளாகத்துக்குள் இருந்தால் போதும், இவர் நாக்கில் படுவது அவர் நரம்புக்குப் போய்விடும். குழாயில் கஞ்சி இறங்கும் அதே நேரத்தில் குடல் ஏதோ விருந்துக்கு அழைத்த மாதிரி எழுந்து வேலை செய்யும். துணை நாக்கு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். மருத்துவமனைக்கு வெளியே ஜனங்கள் அதை இரவல் நாக்கு என்றார்கள்.

கோமதிநாயகத்துக்கு வாத்தியார் புத்தி போகவில்லை. "நாக்கு கூப்பிட்டா கணையமும்லா எந்திரிச்சு வந்துரும்? அதுக்கு ஓய்வு வேணும்னுதானே டாக்டர் சொல்லுதாரு?"

"கணையத்துக்குப் போற சேதியை மட்டும் இது நிறுத்திடும். குடலை மட்டும் எழுப்பும்." நஸ்ரின் கொஞ்சம் தயங்கினாள். "ஆனா ஒரு நோயாளிக்கு ஒரு நாக்குதான் சார். ஒருத்தரோட பழகிட்டா அந்த நரம்பு இன்னொருத்தரை ஏத்துக்காது. யோசிச்சுச் சொல்லுங்க. அவங்க பொறந்த வீட்டுல யாராவது இருக்காங்களா? சின்ன வயசுல ஒரே சட்டியில சாப்பிட்டவங்கன்னா நல்லது."

"கல்யாணத்துக்குப் பொறவு அவளுக்கு எல்லாம் நாங்கதாம்மா. என் நாக்கும் அவ நாக்கும் ஒண்ணுதான்."

அவர் பொய் சொல்லவில்லை. நம்மூர்க் கணவர்களில் அநேகம் பேர் இதைத்தான் சொல்லியிருப்பார்கள், அதுவும் பெருமையாக. நஸ்ரின் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. ருசி மட்டும் போகாது. நீங்க ரசிச்சா அந்த ரசனையும் போகும். முகம் சுளிச்சா அதுவும் போகும். நாக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது. போன வருஷம் ஒரு அம்மா தன் மகனுக்காகச் சாப்பிட்டாங்க. அவன் வீட்டுக்குப் போனதும் பாகற்காய் கேட்டு அடம்பிடிக்கிறானாம். அவங்களுக்குப் பாகற்காய்னா உயிரு."

பல நாளுக்குப் பிறகு கோமதிநாயகம் அப்போதுதான் சிரித்தார்.

முதல் நாள் சொதி. திருநெல்வேலி சைவ வீடுகளில் மறுவீட்டு விருந்துக்குச் சொதி வைக்காவிட்டால் பெண்ணைக் கொடுத்ததாகவே கணக்கில்லை. தேங்காய்ப்பாலில் காய்கறிகள் மிதக்க, பக்கத்தில் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கும். பிலோமினா கடற்கரை ஊரில் பிறந்து, அவர் கல்லூரிக்கே நூலகராக வந்து, அவரைக் காதலித்து மணந்துகொண்டவள். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் மாமியாரிடம் கற்றுக்கொண்ட முதல் சமையல் அதுதான். "உங்க வீட்டுச் சொதிக்கு ஈடே கிடையாது" என்று இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்தவள். அத்தை மகள் வீட்டிலிருந்து தூக்குவாளியில் வந்ததை, கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, சவ்வை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, அவர் வழித்து வழித்துச் சாப்பிட்டார். நிஜமாகவே அருமையான சொதி.

திரையில் பிலோமினாவின் குடல் அசைவைக் காட்டும் கோடு படுத்தது படுத்தபடியே கிடந்தது.

"மிஷின் ஓடுதாம்மா?"

"ஓடுது சார். ருசி போயிருக்கு. அவங்க உடம்பு அதை அடையாளம் கண்டுக்கிட்டிருக்கு. ஆனா எழுந்திருக்கலை."

"அவளுக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்."

"அப்படின்னு உங்ககிட்ட சொல்லியிருக்காங்க" என்றாள் நஸ்ரின். குத்தலாகச் சொல்லவில்லை. "அது பொய்யும் இல்ல சார். ஒரு மரியாதை. ஆனா குடலுக்கு மரியாதை தெரியாது."

அவருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு மறுநாளிலிருந்து ஊரையே சாப்பிட ஆரம்பித்தார். உளுந்தங்களி, கூட்டாஞ்சோறு, புளியோதரை, இருட்டும் முன்பே தீர்ந்துபோகும் அல்வா, அவளோடு முதன்முதலில் உட்கார்ந்து குடித்த கடையின் காப்பி. அல்வாவுக்குக் கோடு கொஞ்சம் நெளிந்தது. கஞ்சியை ஒரு சொட்டு கூட்டினார்கள். சாயங்காலம் வாந்தியாக வந்துவிட்டது. அவர் மட்டும் எடை போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி வற்றிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் ஒருவர் அல்வாவை விண்டு விண்டு சாப்பிடுவதைப் பார்த்து, வெளியே காத்திருக்கும் மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்கள் வாய்க்குள் ஏதோ முனகினார்கள். அவருக்கே தன்னைப் பார்க்கக் கூசியது.

பிலோமினாவுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு முறை அவரை உள்ளே விட்டார்கள். குனிந்து கையைப் பிடித்தார்.

"பிலோ, உனக்கு என்ன சாப்பிடணும் போல இருக்கு? சொல்லு. எதுன்னாலும் சொல்லு."

அவள் உதடு அசைந்தது. காதை அருகில் கொண்டுபோனார்.

"நீங்க சாப்ட்டியளா?" என்றாள். பிறகு பழையபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்றைக்கே காய்ச்சல் ஆரம்பித்தது. சர்ஜன் வந்து பார்த்துவிட்டு, கிருமி இன்னும் உள்ளே போகவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்றார். குடல் எழுந்துகொள்ளாவிட்டால் வயிற்றைத் திறந்து அழுகியதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். இந்த உடம்பு அதைத் தாங்குமா என்று அவரே தலையை ஆட்டிக்கொண்டார்.

நஸ்ரின் கேன்டீனில் அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். "சார், கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க என்ன சாப்பிட்டாங்க?"

கோமதிநாயகத்துக்குப் பதில் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். வாயைத் திறந்து சொல்ல இவ்வளவு நாள் ஆனது, அவ்வளவுதான்.

"மீனு. அதைவிடக் கருவாடு. ரொம்ப இஷ்டம்னு சொல்லுவா." பிறகு அவசரமாகச் சேர்த்தார். "எங்க வீட்டு அடுப்புல மீன் ஏறக் கூடாதுன்னு எங்கம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க. அவளே சிரிச்சுக்கிட்டுச் சரின்னுட்டா. அம்மா போன பொறவும் அவ சமைக்கலை. நான் ஒரு நாளும் சாப்பிடாதேன்னு சொன்னதில்லம்மா."

"சாப்பிடுன்னு சொன்னீங்களா?"

அவர் காப்பித் தம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

பிலோமினாவுக்கு ஓர் அண்ணன் உண்டு. ராயப்பன். புன்னைத்துறையில் சொந்தமாக ஒரு படகும், மீன் ஏற்றிப் போக ஒரு குட்டியானை வண்டியும் வைத்திருந்தார். கல்யாணமான வருடம் அவர் தங்கையைப் பார்க்க ஒரு பெட்டி நிறைய சீலா மீன் கொண்டுவந்தார். கோமதிநாயகத்தின் அம்மா வாசல் கேட்டிலேயே நின்று, "பெட்டி அங்கேயே இருக்கட்டும், நீங்க மட்டும் வாங்க" என்றாள். ராயப்பன் கேட்டுக்கு வெளியே நின்றபடி ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு வரவில்லை. அந்த நேரம் கோமதிநாயகம் உள்ளறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். காதில் விழாத தூரம் இல்லை.

ஃபோன் செய்தபோது என்ன பேசுவது என்று நாலு வாக்கியம் தயார் செய்துவைத்திருந்தார். முதல் வாக்கியம் முடியும் முன்பே ராயப்பன், "வண்டியை எடுத்துட்டேன். நீங்க வையுங்க மாப்ள" என்றார்.

வந்ததும் விஷயத்தைக் கேட்டு ராயப்பன் சட்டையைக் கழற்றாத குறை. "நான் சாப்புடுதேன். அந்தச் சவ்வை எடுத்து என் வாயில ஒட்டுங்கம்மா."

"இனி முடியாதுங்க. அவங்க நரம்பு சாரோட நாக்குக்குப் பழகிடுச்சு" என்றாள் நஸ்ரின்.

"நான் ஒருத்தன் உசுரோட இருக்கும்போது இவுகளுக்கு எதுக்கு ஒட்டுனிய?"

கோமதிநாயகம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் நாக்கும் அவ நாக்கும் ஒண்ணுதான் என்று தான் சொன்னது அவருக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது.

ஆக, அவரே சாப்பிட வேண்டும். மீனைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. செதிளில் எத்தனை வகை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அவரைப் பொறுத்தவரை மீன் என்பது ஃபார்மலின் பாட்டிலில் மிதப்பது, மேஜையில் வைத்து அறுப்பது, அறுத்த பின் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொள்வது. மருத்துவமனை கேன்டீன் வாசலில் 'சுத்த சைவம்' என்று பலகை தொங்கியது. காவலாளி கருவாட்டு வாடைக்கு வளாகத்தைவிட்டே துரத்தப் பார்த்தார். நஸ்ரின் போய்ப் பேசி, ஆம்புலன்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் ராயப்பனின் வண்டி நிற்க இடம் வாங்கிக்கொடுத்தாள். மீன் பெட்டிகளைத் தள்ளிவிட்டு இருவரும் பின்பக்கம் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

ராயப்பன் சட்டியைத் திறந்தார். சாளைக் கருவாட்டுக் குழம்பு. கத்தரிக்காய், மாங்காய் போட்டு அவர் மனைவி வைத்துக்கொடுத்தது.

"மூச்சை அடக்காதிய மாப்ள. மணந்து பாத்துச் சாப்புடுங்க."

அவர் மூச்சை அடக்கிக்கொண்டுதான் சாப்பிட்டார். சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தார். பல் அதில் பட்டது. இவ்வளவுதானா என்று ஒரு கணம் நினைத்தார். அடுத்த கணம் குமட்டி, அவர் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே கொட்டினார். கண்ணில் நீர் வழிந்தது. காறிக் காறித் துப்பினார். நாக்கை வேட்டி நுனியால் துடைத்தார்.

நஸ்ரின் ஓடிவந்தாள். "சவ்வைக் கழட்டுங்க! முதல்ல கழட்டுங்க சார்!"

மேலே பிலோமினாவும் வாந்தி எடுத்திருந்தாள். நல்ல வேளையாகப் புரை ஏறவில்லை. ஆனால் நஸ்ரினைக் கலக்கியது வாந்தி இல்லை.

"கண்ணைத் திறக்காமலே அவங்க முகத்தைச் சுளிச்சாங்க சார். நாக்கை வெளியே நீட்டித் துடைக்கப் பார்த்தாங்க. கையைக் கட்டியிருக்கிறதால முடியலை."

ராயப்பன் சட்டியை மூடினார்.

"எங்க வீட்டுச் சோறு உங்களுக்கு அருவருப்புன்னு அவளுக்கு இத்தனை நாள் மனசுலதான் தெரியும் மாப்ள. இப்ப வாயிலயும் ஊட்டிட்டிய."

கோமதிநாயகத்துக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. அப்படியே சொல்லவும் செய்தார். ராயப்பன் அதற்கு, "நீங்க செத்தா அவளுக்கு யாரு சாப்புடுவா?" என்றார். கோபமாகத்தான் கேட்டார். ஆனால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகவில்லை.

நஸ்ரின் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னாள். "நல்லாச் சாப்பிட்டுப் பழகின நாக்கு சார் உங்களுது. வயிறு நிறைஞ்சவங்களுக்குப் புதுசா எதுவும் பிடிக்காது. ஹோட்டல் சாப்பாட்டை நிறுத்துங்க. பசிக்கட்டும். அதுவரைக்கும் சவ்வு என்கிட்டயே இருக்கட்டும். அவங்களுக்கு இனி ஒரு தப்பு போகக் கூடாது."

எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று ஊருக்கே சொன்ன மனிதர் பட்டினி கிடந்தார். தண்ணீரும் சர்க்கரை போடாத டீயும் மட்டும். பகல் முழுக்க வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தார். ராயப்பனுக்குச் சும்மா இருக்க முடியாது, பேசிக்கொண்டே இருந்தார். பேச்சு சுற்றிச் சுற்றித் தங்கையிடம்தான் வந்து நின்றது.

"அவளுக்குக் குழம்பு ரெண்டாம்பட்சம்தான். சாளைக் கருவாட்டைக் கங்குல சுட்டுப் பழைய சோத்துக்கு வச்சுக்கிடணும். வாலு கருகி இருக்கணும், அதை முதல்ல கடிப்பா. கண்ணை மூடிக்கிடுவா. அப்ப யாரு கூப்புட்டாலும் ஏன்னு கேக்க மாட்டா. எங்க அய்யா ஒருக்கா, வீடு தீப்பிடிச்சிருச்சுன்னு கத்திப் பாத்தாரு. திரும்பலையே! தின்னு முடிச்சு, கையை நக்கிட்டு, பொறவுதான், என்னவோ சொன்னியளேன்னு கேட்டா."

கோமதிநாயகம் அதைத் திரும்பக் கேட்டார். "கூப்பிட்டா ஏன்னு கேக்க மாட்டாளா?"

"மாட்டா."

அவர் பார்த்த பிலோமினா அப்படி இல்லை. அவர் பார்த்தவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, அவருக்கு இன்னொரு கரண்டி போடவா என்று கேட்கிறவள். மோர் வேண்டும் என்று அவர் வாயைத் திறக்கும் முன்பே நாற்காலியைத் தள்ளுகிறவள். யார் கூப்பிட்டாலும் திரும்பாமல், கண்ணை மூடிக்கொண்டு, கருகிய வாலைக் கடிக்கும் ஒருத்தியோடு இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். அவளை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது. அழுகையும் வந்தது. ராயப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

காய்ச்சல் ஏறியது. மறுநாள் அறுவை சிகிச்சை என்று சர்ஜன் முடிவு செய்துவிட்டார். நஸ்ரின் சவ்வைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இன்னைக்கு மத்தியானம் ஒரு தடவை. உங்களுக்கு வேணும்னு தோணினா மட்டும் சாப்பிடுங்க. தோணலைன்னா தொடாதீங்க."

ராயப்பன் வண்டிக்குள் ஒரு சின்ன அடுப்பில் கரியைப் பற்றவைத்து இரண்டு சாளைக் கருவாட்டைச் சுட்டார். எண்ணெய் சொட்டிக் கங்கு சீறியது. ஒரு தட்டில் பழைய சோற்றைப் பிழிந்து வைத்துக்கொண்டார். வாங்க என்று கூப்பிடவில்லை. அவர் பாட்டுக்கு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். புகை கோமதிநாயகத்தின் பக்கமாக வந்தது. அதில் உப்பு இருந்தது, கரி இருந்தது, பெயர் தெரியாத வேறொன்றும் இருந்தது.

அவர் வாயில் எச்சில் ஊறியது.

முதலில் அவர் அதை நம்பவில்லை. விழுங்கினார். மறுபடியும் ஊறியது. பரம்பரை பரம்பரையாக வெங்காயம்கூட வெள்ளிக்கிழமை சேர்க்காத குடும்பத்தில் வந்த வாய் அது. பயமாக இருந்தது. சவ்வை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கையை நீட்டினார். ராயப்பன் தட்டை நகர்த்தினார். கோமதிநாயகம் கருகிய வாலை முதலில் கடித்தார். அது மொறுமொறுவென்று உடைந்து, உப்பாக நாக்கில் இறங்கியது. ஒரு கை பழைய சோறு. இன்னொரு கடி. எங்கேயோ ஃபோன் அடித்தது. அவருடைய ஃபோன்தான், அவர் பையில்தான். அவருக்குக் கேட்கவில்லை. அவர் கண்ணை மூடியிருந்தார்.

ராயப்பன் எட்டி எடுத்துக் காதில் வைத்தார்.

"சார்! நஸ்ரின் பேசுறேன்! கோடு எழும்புது சார், நல்லா எழும்புது, கஞ்சி இறங்குது. என்ன சாப்பிடுறீங்க? நிறுத்தாதீங்க!"

"மாப்ள சாப்புடுதாவ" என்றார் ராயப்பன். அவர் குரல் உடைந்திருந்தது. "இப்பம் கூப்புடக் கூடாதும்மா."

அறுவை சிகிச்சை நடக்கவில்லை. தினமும் மத்தியானம் ஆம்புலன்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் புகை எழுந்தது. கஞ்சியைக் கூட்டினார்கள், குடல் வாங்கிக்கொண்டது. வயிறு வற்றியது, காய்ச்சல் விட்டது. காவலாளியே ஒரு நாள் தட்டோடு வந்து உட்கார்ந்தார். மெல்ல மெல்ல பிலோமினா எழுந்து உட்கார்ந்தாள். குழாயை எடுத்தார்கள், காதுக்குப் பின்னால் இருந்த வில்லையையும் எடுத்தார்கள். ரசம் சாதம் தன் வாயாலேயே சாப்பிட்டாள். கோமதிநாயகம் சவ்வை நஸ்ரினிடம் திருப்பிக் கொடுத்தபோது, ஏதோ நகையைக் கழற்றிக் கொடுப்பது போல இருந்தது அவருக்கு.

வீடு திரும்பிக் கொஞ்ச நாள் கழித்து, கொழுப்பில்லாத மீனாக ஒரு துண்டு கொடுக்கலாம் என்று நஸ்ரின் சொன்னாள். ராயப்பன் பெட்டியோடு வந்தார். கோமதிநாயகமே கேட்டைத் திறந்து, பெட்டியைத் தானே வாங்கி, நடுவீடு வழியாக அடுப்படிக்குக் கொண்டுபோனார். ராயப்பன் தங்கையின் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் நடுவில் இருக்க வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். அந்த வீட்டு அடுப்பில் முதன்முறையாக மீன் ஏறியது. எண்ணெய் அதிகம் இல்லாத குழம்பு, தனியாக ஒரே ஒரு சுட்ட கருவாடு, வால் கருக.

பிலோமினாவை மேஜையில் உட்காரவைத்து முதலில் அவளுக்குப் பரிமாறினார். அவள் தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"நீங்களா செஞ்சிய?"

"சாப்பிடு பிலோ. நான் கூப்பிட்டாலும் ஏன்னு கேக்காத."

அவள் சிரித்துக்கொண்டே வாலைக் கிள்ளி வாயில் வைத்தாள்.

கோமதிநாயகம் அவள் கண் மூடுவதற்காகக் காத்திருந்தார். அது மூடவில்லை. அவள் முகம் மெல்லக் கோணியது. மேலுதடு ஒரு பக்கமாக ஏறி, மூக்கு சுருங்கி, தாடை முன்னால் வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு தொட்டிக்கு ஓடினாள். ஓங்கரித்தாள். காறிக் காறித் துப்பினாள். பிறகு சேலை நுனியை எடுத்து நாக்கைத் துடைத்தாள்.

அந்த முகம் அவளுடையது இல்லை. அவருடையது.

பின்வாசலுக்குப் போய் நஸ்ரினுக்கு ஃபோன் செய்தார். நடந்ததைச் சொன்னார்.

"ஒரு சாப்பாடு ஒரே ஒரு தடவை வாந்தி எடுக்க வச்சாப் போதும் சார், உடம்பு லேசுல மறக்காது. அது ஒரு பயம். நீங்க ரசிச்சது அவங்களை எழுப்பிச்சு. ஆனா அது இரவல். வில்லையை எடுத்ததும் உங்களோட வந்துடுச்சு. முதல்ல போனது மட்டும்தான் அங்கேயே தங்கும். அந்தப் பாகற்காய்ப் பையனுக்கு முதல்ல போனது ரசனை, இவங்களுக்கு அருவருப்பு."

"மாறுமா?"

"மாறலாம். மாறாமலும் போகலாம். ஆனா அவங்க உயிரோட இருக்காங்க சார்."

அவர் திரும்பி வந்தார். பிலோமினா முகத்தைக் கழுவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தட்டைத் தள்ளி வைத்திருந்தாள். ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி அவரைப் பார்த்தாள்.

"என்னன்னே தெரியலை. ஆசையாத்தான் இருந்துச்சு. வாயில வச்சதும் என்னமோ செத்த வாடை. எங்கம்மா வீட்டு வாசல்ல போய் நின்னு கதவு தெரியாத மாதிரி இருக்கு." அவள் குரல் தணிந்தது. "கொஞ்சம் ரசம் இருந்தா ஊத்துங்க."

அவர் ரசம் ஊற்றினார். தனக்கும் ஒரு தட்டை எடுத்துப் போட்டு, ரசத்தையே ஊற்றிப் பிசைந்தார்.

"நீங்க ஏன் ரசத்தை ஊத்துறிய? மீனு அப்படியே இருக்கு. அண்ணன் சொன்னான், இப்பம் உங்களுக்கு அது ரொம்ப இஷ்டமாமே?"

"எனக்கு ரசம் போதும் பிலோ. உனக்கு அந்த வாடை ஆகலை. இனி இந்த அடுப்புல அது வேண்டாம்."

பிலோமினா அவர் கையைத் தொட்டாள். அவளிடம் குறும்பு எதுவும் இல்லை, குத்தல் எதுவும் இல்லை. மனசாரத்தான் சொன்னாள்.

"அதெப்படி? நான் ஒரு நாளும் சாப்பிடாதியன்னு சொல்லலையே."

கோமதிநாயகம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய் நிறைய எச்சில் ஊறியிருந்தது. அதை விழுங்கிவிட்டு எழுந்து, குழம்புச் சட்டியை மூடி, கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்.